வெள்ளவத்தை 12 மாடி: ஷியர் வோல் முனைக்கு நெருக்கமான லிங்க் வேண்டாமா?

சைட்பக்கம்:
வெள்ளவத்தையில் ஒரு 12 மாடித் தொடர்மாடியின் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஷியர் வோல் (காற்று, பூகம்பத்தின் பக்கவாட்டு விசையைத் தாங்கும் கொங்கிறீட் சுவர்) 200 மி.மீ. தடிப்பு, மேல்மாடிகளில் முழு நீளம், ஆனால் கீழே கார் பார்க்கிங்குக்காக ஒரு முனையை வெட்டிக் குறுக்கியிருக்கிறார்கள். முனைக் கம்பி 16 மி.மீ., அவற்றைச் சுற்றிக் கட்டும் லிங்க் (வளையக் கம்பி) 200 மி.மீ.க்கு ஒன்று, கொக்கி 90 பாகை. கேட்டால் "காற்றுக்கு டிசைன் பண்ணியாச்சு, கொழும்பில் எங்கே பூகம்பம்" என்கிறார்கள். சுவர் இருந்தால் போதுமா?

கொங்கிறீட்அண்ணா:
தம்பி, எனக்குப் பயம் அந்தக் கீழ்த்தளம்தான். சிலியில் 1985 பூகம்பத்தைச் சுவர்க் கட்டிடங்கள் நன்றாகத் தாங்கின, அந்த நம்பிக்கையில் 1996 விதியில் சுவர் முனையை லிங்கால் நெருக்கமாகக் கட்டும் கட்டாயத்தையே விட்டுவிட்டார்கள். பிறகு கட்டிடம் உயர்ந்தது, சுவர் மெலிந்தது, அதன்மேல் ஏறிய சுமை கூடியது. 2010 பெப்ரவரி 27, 8.8 அளவில் ஆடியபோது கீழ்மாடிச் சுவர்களின் முனையில் கவர் (கம்பியை மூடும் வெளிக் கொங்கிறீட்) உதிர்ந்து, கம்பி வெளியே வளைந்து, நசுங்கல் அப்படியே கிடையாகச் சுவர் முழுக்க ஓடியது. பார்க்கிங்குக்காகக் கீழே குறுக்கப்பட்ட சுவர்களிலும் இதே கதிதான். அடுத்த வருடமே, கொங்கிறீட் பலத்தில் 35 வீதத்துக்கு மேல் சுவரில் சுமை ஏறக்கூடாது என்று விதியை மாற்றினார்கள்.

காலிவீதி:
கொழும்பைச் சிலி மாதிரிப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் 1615இல் இங்கே பெரிய பூகம்பம் வந்ததாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு இருக்கிறது. யூரோகோட் 8 என்ற ஐரோப்பியப் பூகம்ப விதிப்படி நில முடுக்கம் 0.08 ஜிக்குள் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்றால் 'கியூ' (பூகம்ப விசையை வகுத்துக் குறைக்கும் எண்) 1.5 வைத்துச் சாதாரண டீட்டெயிலிங் (கம்பி கட்டும் முறை) செய்யலாம், அப்போது பூகம்பத்தைவிடக் காற்று விசையே பெரிதாக வரலாம், அதுவும் சரி. ஆனால் 'கியூ' 3 எடுத்து விசையைக் குறைத்துவிட்டு லிங்கை மட்டும் பழையபடி விடுவது கூடவே கூடாது. அவர்கள் எதை எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கொங்கிறீட்அண்ணா:
அதேதான். 3 எடுத்திருந்தால் லிங்க் இடைவெளி கம்பி விட்டத்தின் 8 மடங்கு, அதாவது 128 மி.மீ.; லிங்குக்குள் அடங்கும் கொங்கிறீட் அகலத்தின் பாதியையும் தாண்டக்கூடாது, உங்கள் சுவரில் அது 70 அளவில்தான் வரும். 90 பாகைக் கொக்கி கவர் உதிர்ந்ததும் திறந்துவிடும், 135 பாகைக்கு உள்ளே மடக்கச் சொல்லுங்கள். அதற்காகச் சுவரில் கம்பியைக் குறைத்தும் விடாதீர்கள். 2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பூகம்பத்தில் கம்பி குறைவான சுவரில் ஒரே வெடிப்பு விழுந்து, உள்ளே கம்பி அறுந்திருந்தது.

சைட்பக்கம்:
நன்றி அண்ணா. 'கியூ' கணக்கும் கீழ்த்தளச் சுவரின் சுமைக் கணக்கும் எழுத்தில் கேட்கிறேன். இரண்டு கார் இடத்தை விட்டால் சுவரை நேராக அத்திவாரம் வரை இறக்கலாம் போலத் தெரிகிறது, அதையும் வரைந்து கொடுக்கிறேன்.