புதுப்பிப்பு: தூக்கத்தைச் சரிசெய்து மூன்று மாதம் ஆகிறது

இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம், சாப்பாட்டைக் குறைத்தும் எடை 84 கிலோவிலேயே நிற்கிறது என்று ஜனவரியில் இங்கே எழுதியிருந்தேன். முதலில் தூக்கத்தைப் பாருங்கள் என்றீர்கள். செய்தேன். இப்போது 80.

பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன், கைப்பேசி கூடத்தில். நாலு மணிக்கு மேல் காபி கிடையாது. அதுதான் ரொம்பக் கஷ்டம். மூன்றாவது வாரத்தில் ராத்திரி மிக்சர் டப்பாவைத் தேடுவது தானாக நின்றது. மனதை அடக்கியதெல்லாம் இல்லை, பசியே வரவில்லை.

விஷயம் மூளையில்தான். பசியைத் தூண்டும் கிரெலின், போதும் என்று சொல்லும் லெப்டின் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குத்தான் சேதி அனுப்புகின்றன. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், இளைஞர்கள் இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுத்தபோது, பத்து மணி நேரம் படுத்ததைவிட லெப்டின் 18% குறைவு, கிரெலின் 28% அதிகம். 2022-இல் அங்கேயே இன்னொரு ஆய்வு: குறைவாகத் தூங்கியவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கியதும், யாரும் சொல்லாமலே நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். இதைப் படித்தபோது அவ்வளவு நிம்மதி எனக்கு!

அப்புறம், குறட்டை பற்றிக் கேட்டவருக்கு: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் படுப்பது மட்டும் அதற்குப் போதாது.