ஜெனெடிக் கவுன்சலிங் மேற்படிப்புக்கு அரசு பணம் தருமா?

ஆத்தங்குடிப் பொண்ணு:
காரைக்குடியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பா டைல்ஸ் பட்டறையில் கண்ணாடி மேல் கலர் ஊற்றுகிறவர், கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எனக்கு வரும் புதுமைப் பெண் 1000 ரூபாயும் டிகிரியோடு நின்றுவிடும்.

எம்.எஸ்சி. ஜெனெடிக் கவுன்சலிங் படிக்க ஆசை. பரம்பரை நோய் ஏன் வருகிறது, மறுபடி வருமா என்று குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லும் வேலைக்கான படிப்பு. காரணம் என் அத்தை. தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயசு தாண்டவில்லை. நாகதோஷம் என்றார்கள், கல் நட்டாள், அரசமரம் சுற்றினாள். போன வருஷம் மதுரையில் ஒரு கவுன்சலர் முக்கால் மணி நேரம் பேசினார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று மூணு தலைமுறையை ஒரு தாளில் வரைந்தார். அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் மட்டும் ரெட்டைக் கோடு. "இது என்னம்மா?" என்று கேட்டாள். சொந்தத்தில் கட்டினால் அப்படிப் போடுவார்களாம். ஒரே மரபணுக் குறை இருவரிடமும் மறைந்திருக்கிறது, ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார். எட்டு வருஷமாகத் தன் ராசியைத் திட்டியவள், பஸ் திருப்பத்தூர் தாண்டும்வரை அந்தத் தாளை மடிக்கவே இல்லை.

முதல் பட்டதாரிச் சலுகை இதற்குக் கிடைக்குமா?

மதுரை அக்கா:
கிடைக்காதும்மா, அது இளநிலைத் தொழிற்படிப்புகளுக்குத்தான். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை பரம்பரை நோய்களுக்காக 2019-ல் ஆரம்பித்த உம்மீத் திட்டமும் அரசு டாக்டர்களுக்குத்தான் பயிற்சி தருகிறது. நான் வங்கிக் கடனில் படித்தேன். 7.5 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. கேட்டால் மேனேஜரிடம் விதியைக் காட்டு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை.

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்கள் நகரத்தாரில் ஒரே குலக்கோயில், ஒரே பிரிவு என்றால் பெண் எடுக்க மாட்டோம். ஆனால் அத்தை மகள் அவள் அப்பா வழியில் வேறு கோயிலாகிவிடுவாளே, அவளைக் கட்டலாமே! அந்த விதியை நம்பி உட்கார முடியாது, சொல்ல ஆள் வேண்டும். அரசு டாக்டர்கள் சம்பளத்தோடு மேற்படிப்பு படித்து, ஒப்பந்தப்படி திரும்பி வந்து வேலை பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் இந்தக் கவுன்சலிங்குக்கே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை மூணு வருஷம் சம்பளம் கொடுத்து முதுகலை படிக்க வைக்கிறது. இங்கேயும் மாவட்டத்துக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைத்து, சிவகங்கை மருத்துவக் கல்லூரியில் ஐந்து வருஷம் வேலை பார் என்றால் என்ன குறைந்துவிடும்?

ஆத்தங்குடிப் பொண்ணு:
நன்றி அக்கா, ஆச்சி. அப்பாவிடம் கடன் பேச்சை எடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, "வட்டியோட எத்தனை கல்லு ஆகுது, எழுதிக் குடு" என்றார்.