புதுப்பிப்பு: மர லூர்களில் பெயிண்ட் உரிவது நின்றது

கையால் செதுக்கும் என் மர லூர்களில் (மீனை ஏமாற்றும் போலி இரைகள்) ஷாட் (shad) என்ற கடல்மீனின் பல் பட்டதுமே பெயிண்ட் தோல்தோலாக உரிகிறது, என்ன பூசலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. இப்போது பல் தடம் விழுகிறது, பெயிண்ட் உரியவில்லை.

காரணம் உள்ளே போன தண்ணீர்தான். கொக்கி வளையத்துக்குப் போட்ட துளை வழியாக ஈரம் இறங்கி, மரம் உப்பி, பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. அதனால் துளைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பாட்டில்களை வெந்நீரில் வைத்து இளக்கி, பிறகு கலந்து, லூர் முழுக்கவும் துளைக்குள்ளும் சேர்த்துப் பூசுங்கள். இறுகியதும் உப்புத்தாள், வெள்ளைப் பிரைமர், அக்ரிலிக் நிறம்.

நிறத்துக்கு மேல் பூசும் எபாக்ஸிக்கு நம் தென்னாப்பிரிக்க டர்பன் கோடையின் புழுக்கம் பெரிய எதிரி. இறுகும்போது மேலே மெழுகு மாதிரிப் பிசுக்குப் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, லேசாகத் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. இல்லாவிட்டால் ஒட்டவே ஒட்டாது. இறுகும்வரை லூரைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வயிற்றுப்பக்கம் வழிந்து திரண்டால் நீச்சல் கெட்டுவிடும்.

ஷாட் பிடிக்கத் தடையுள்ள அக்டோபர், நவம்பரில் அடுத்த தொகுதியைப் பூசப்போகிறேன். முடித்த லூர்களை, இரையாகப் போடும் மெத்தென்ற ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், பெயிண்டை இளக்கிவிடும்.