ஏரி மதகுக் கல்லில் 'ஈஸ்வர வருஷம்': எந்தச் சான்றை நம்பி எழுதுவது?

ஏரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரியைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்கு நான்கு பக்கக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டுவிட்டு, இப்போது விழிபிதுங்கி நிற்கிறேன். இராசராச சோழன் வெட்டிய ஏரி என்று ஏழு இணையதளங்கள் சொல்கின்றன. தாது வருஷப் பஞ்சத்தில் கூழுக்கு மண் சுமந்து வெட்டியது என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மதகை ஒட்டி நிற்கும் கல்லிலோ 'ஈஸ்வர வருஷம் தை மாதம்' என்பதும், சற்றுக் கீழே 'மதகு வேலை' என்பதும் மட்டுமே படிக்க முடிகிறது. தேதியும் கிழமையும் பொரிந்துபோயிருக்கின்றன. இவற்றில் எதை முதன்மைச் சான்றாகக் கொள்வது?

கல்லெழுத்து

ஏழு தளங்களிலும் அந்த வாக்கியத்தை எழுத்தெண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே சொல் ஒரே இடத்தில் ஒரே பிழையுடன் வருமானால், உங்களிடம் இருப்பவை ஏழு சான்றுகள் அல்ல, ஒரு சான்றின் ஏழு நகல்கள். அந்த ஒன்றும் எந்தக் கல்வெட்டு, கல்வெட்டுத் துறையின் எந்த ஆண்டறிக்கை, எத்தனையாம் எண் என்று சொல்லவில்லையென்றால் அதை ஒதுக்கிவைப்பதில் தவறில்லை.

கல்லுக்கு வருகிறேன். ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஈஸ்வர ஆண்டு 1817, 1877, 1937, 1997 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. தை என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடி 1818, 1878, 1938, 1998 என்றாகும். பலர் சறுக்கும் இடம் இது. 'வேலை' என்பதில் உள்ள 'லை' எப்படிப் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவமாக இருந்தால், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தேதியும் கிழமையும் கிடைத்துவிட்டால், சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் காலக்கணிப்பு அட்டவணைகளைக் கொண்டு எஞ்சிய ஆண்டுகளில் பொருந்தாதவற்றைக் கழித்துவிடலாம். சுண்ணாம்பையோ திருநீற்றையோ பூசிப் படிக்க வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத கீறலும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

மணியம்

நான் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். ஐயா, ஒன்றை இங்கே எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். மதகுக் கல்லின் வயது ஏரியின் வயது அன்று. மதகு இடிந்து மறுபடி கட்டப்படுவது சாதாரணம். புதுக் கல்லில் புது ஆண்டைத்தான் பொறிப்பார்கள். பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) சேலமும் 1792இல் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, வசம் வந்த பின், கர்னல் ரீடும் அவருக்குக் கீழிருந்த மன்றோவும் இந்த வட்டாரத்து நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். அக்காலக் கணக்குகளில் உங்கள் ஊருக்கு ஏரிப்பாசன நஞ்சை காட்டப்பட்டிருந்தால், பஞ்ச காலத்தில் ஏரி வெட்டப்பட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. தூர்வாரியிருக்கலாம், கரையை உயர்த்தியிருக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பாருங்கள். வரிக்காக எழுதிய கணக்கு என்பதால் நிலத்தின் பரப்பில் கூடக்குறையச் சொல்லியிருப்பார்கள், ஆனால் இல்லாத ஏரியை எழுத யாருக்கும் அவசியமில்லை.

முதுகலை மாணவி

பாட்டியின் சொல்லை எளிதில் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. தாது ஆண்டு 1876இல் தொடங்கியது. பஞ்சமோ 1878 வரை நீடித்தது. ஈஸ்வர ஆண்டு அதற்குள்ளேயே அடங்குகிறது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம் என்றால் அந்த அடியின் கனம் விளங்கும்.

லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தது, அதாவது பஞ்சம் முடிந்த சூட்டோடு. ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) 1918ஆம் ஆண்டினது. முதலில் பழையதைப் படியுங்கள், ஆனால் எழுதியவர் அரசு அதிகாரி என்பதை மறக்காமல் படியுங்கள். நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்றார், பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். அது உடலுக்குப் போதாது என்று வாதிட்டவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவரும் அரசு அதிகாரிதான். இருவரில் ஒருவரின் அறிக்கை மட்டும் கையில் கிடைத்திருந்தால் நம் கட்டுரை எப்படிச் சாய்ந்திருக்கும்!

ஏரிக்கரையான்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு டார்ச் விளக்குடன் போனேன். 'லை' துதிக்கையுடன்தான் இருக்கிறது. ஏழு தளங்களிலும் எங்கள் ஊர்ப் பெயரின் ஒற்று ஒரே இடத்தில் விடுபட்டிருக்கிறது. மணியம் ஐயா சொன்னதை ஏற்று, 'ஏரி வெட்டப்பட்ட ஆண்டு' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'மதகு கட்டப்பட்ட ஆண்டு' என்று மாற்றிக்கொண்டேன். ஏரியின் வயதை எழும்பூர் போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேதி 12 என்று தெளிவாகவே தெரிகிறது. கிழமையின் முதலெழுத்துதான் சிக்கல்: வகரத்துக்கு மேலே சுழி இருப்பது போலவும், முன்னால் ஒரு கொம்பு இருந்து சிதைந்தது போலவும் தோன்றுகிறது. படத்தை இணைத்துள்ளேன். கல்லெழுத்து அவர்களே, அது வியாழனா, வெள்ளியா?