சந்தைச் சுருட்டு பாதியிலேயே அணைந்துபோவது ஏன்?

கோபிப் பக்கத்துக்காரன் கேட்டது:
எங்கள் தோட்டத்துக் கருப்பராயனுக்குக் கெடா வெட்டியபோது படையலுக்கென்று சந்தையில் வாங்கிய சுருட்டுக் கட்டில், சாமிக்கு வைத்ததும் பங்காளிகள் எடுத்துக்கொண்டதும் போக 14 மீந்துவிட்டன. அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து ஒரே சுருட்டை முக்கால் மணி நேரம் பிடித்ததைப் பார்த்தவன் என்பதால் நானும் ஒன்றைப் பற்றவைத்தேன். நான்கு இழுப்புக்கு ஒருமுறை அணைகிறது, ஒரு பக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் பச்சையாக நிற்கிறது, சாம்பலோ கரிக்கட்டை போலக் கறுத்து உதிர்கிறது. குறை இலையிலா, என் கையிலா? விலை மலிந்த சுருட்டை வாங்கும்போதே இனம் காண வழியுண்டா?

பவானிப் புகையிலை விவசாயி எழுதியது:
தம்பி, உங்கள் கைமீது பழி போடுவதற்கு முன் இலை எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது என்று பாருங்கள். நம் பகுதியில் பெரும்பாலும் விளைவது மெல்லும் புகையிலை. உப்புத் தண்ணீர் பாய்ந்த இலைக்குக் காரம் கூடுதல் என்று வெற்றிலை போடுகிறவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். ஆனால் அந்த உப்பே எரிவதற்குப் பகை. அந்த உப்பிலுள்ள குளோரைடு இலையில் ஏறக்குறைய 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு நெருப்பைப் பிடிக்க விடாது. பொட்டாஷ் உரம் இலையை நன்றாக எரிய வைக்கும் என்றாலும், புகைக்கும் இலைக்குக் குளோரைடு கலந்த மியூரியேட் பொட்டாஷைப் போடாமல் சல்பேட் பொட்டாஷைப் போடச் சொல்வது இதனால்தான். சுருட்டுப் புகையிலைக்கென்று திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரில் 1948 முதல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மெல்லும் இலையில் மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டாக்கி விற்பதும் உண்டு. உங்களுக்கு வாய்த்தது அதுவாக இருக்கலாம்.

காங்கயத்து அனுபவசாலி எழுதியது:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றையும் கிணற்றின் தலையில் கட்ட முடியாது. நான் வாங்கும்போது சுருட்டை விரலால் நுனி முதல் அடி வரை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். ஓரிடம் கல்லாகவும் அடுத்த இடம் பஞ்சாகவும் இருந்தால் அது கோணலாகத்தான் எரியும். பிறகு பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். இளநீரை உறிஞ்சுவதுபோல் காற்று வர வேண்டும். கன்னம் குழிந்தும் வரவில்லை என்றால் கீழே வைத்துவிடுவேன். மூக்கருகே கொண்டுபோனால் மாட்டுக் கொட்டகை நெடி அடித்தால் இலை சரியாகப் பாடமாகவில்லை, அதாவது பதப்படவில்லை, தொண்டையைக் கீறும். சாம்பல் வெளுப்பாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வெளுப்பு பெரும்பாலும் மண்ணிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் தருவது, சுவை வேறு கணக்கு. பற்றவைக்கும்போது நெருப்பை நுனியில் படவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுருட்டைச் சுழற்றுங்கள், நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும், கடைசி மூன்றில் ஒரு பங்கை எறிந்துவிடுங்கள். கசப்பெல்லாம் அங்கேதான் தேங்கும். புகையை உள்ளே இழுக்காதீர்கள். இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுக்கு அது வழிவிடும் என்பதால், மீதி 13-ஐயும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அந்தியூர் வாசகர் எழுதியது:
மழைக்காலத்துச் சந்தையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கட்டு என்றால் வேறு காரணமே தேவையில்லை. நிழலில் இரண்டு நாள் பிரித்துப் போட்டுப் பாருங்கள். மேலே பச்சைப் பூஞ்சை தெரிந்தால் குப்பைக்குப் போகட்டும்.

கோபிப் பக்கத்துக்காரன் மீண்டும் எழுதியது:
இரண்டு நாள் காயவைத்த பிறகு அணைவது குறைந்தது, கோணல் மட்டும் தீரவில்லை. அழுத்திப் பார்த்ததில் கல்லாக இருந்த ஒன்றைப் பிளேடால் நெடுக்காகக் கீறினேன். நடுவில் தீக்குச்சி தடிமனில் இலையின் நடுநரம்பு, உரிக்கப்படாமல், சுண்டுவிரல் நீளத்துக்கு அப்படியே கிடந்தது.