மலைப்பாதைகளில் நடந்து சென்று எண்ணெய் வண்ணத்தில் வரைவது எப்படி?

கேள்வி – பாதையோரம்

வணக்கம். அறைக்குள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகிய நான், இனி மலைப்பாதைகளில் நடந்து சென்று காட்சியை நேரில் பார்த்தே வரைய விரும்புகிறேன். நீர்வண்ணம் எளிது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்; ஆனால் பாறையின் கனத்தையும் பனியின் தடிப்பையும் எண்ணெய் வண்ணம் தருவதுபோல் வேறெதுவும் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. சுமையை எப்படிக் குறைப்பது? காயாத படத்தைக் கலையாமல் கீழே கொண்டுவருவது எப்படி? தொலைவில் இருக்கும் மலை, படத்தில் மட்டும் அருகில் வந்து நின்றுவிடுவது ஏன்?

மறுமொழி – சிறுபலகை

சுமையைத் தீர்மானிப்பது படத்தின் அளவுதான். கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் வரைந்த ஓவியர் டாம் தாம்சன், ஏறத்தாழ 21 சென்டிமீட்டருக்கு 27 சென்டிமீட்டர் அளவுள்ள மரப்பலகைகளிலேயே தம் வெளிப்புற ஓவியங்களில் பெரும்பாலானவற்றைத் தீட்டினார். அந்த அளவு போதும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு மண்நிறம் ஆகியவற்றுக்கு மேல் குழாய்களைச் சுமக்க வேண்டாம். பச்சையை நீலத்திலும் மஞ்சளிலும் இருந்து கலந்துகொண்டால், குழாயில் வரும் பச்சையைவிடக் காடு இயல்பாக அமையும்.

ஈரப் படங்களுக்கு, ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளைக் கொடுத்து ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே மலைக்குளிரில் இன்னும் தாமதமாகும். வழக்கமான டைட்டானியம் வெள்ளைக்குப் பதிலாக, விரைவில் காயும் செயற்கைப் பிசின் கலந்த ஆல்கிட் வெள்ளையைப் பயன்படுத்தினால், மெல்லிய பூச்சு ஏறத்தாழ ஒரு நாளில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும்.

மறுமொழி – நீலத்தொலைவு

மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தொலைவிலுள்ள நிழல்கள் கருமையை இழந்து வெளிறி நீலமாகின்றன. பலரும் இதோடு நிறுத்திக்கொண்டு தொலைவு முழுவதற்கும் நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். ஆனால் வெயில் படும் பனிச்சிகரத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது: அங்கிருந்து வரும் வெள்ளொளி வழியிலேயே நீலத்தை இழப்பதால், தூரத்துப் பனி சற்றே மஞ்சள் கலந்து தெரிகிறது. அதே சிகரத்தின் நிழல்பகுதியோ வானத்தின் ஒளியைப் பெற்று நீலமாக இருக்கிறது. இந்த இரண்டையும் அருகருகே பிடித்துவிட்டால் மலை தானாகவே பின்னால் போய்விடும்.

மிக உயரமான இடங்களில் காற்று அடர்த்தி குறைந்து தெளிவாக இருப்பதால் இந்த விளைவு தளர்ந்து, தொலைவு மலை கண்ணுக்கே அருகில் இருப்பதாகத் தோன்றும். அங்கே நிறத்தை நம்பாமல், முன்னிருக்கும் பாறைகளின் விளிம்பைக் கூர்மையாகவும் பின்னுள்ளவற்றின் விளிம்பை மென்மையாகவும் வைத்துத்தான் ஆழத்தைக் காட்ட முடியும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், முதலில் நிழல்களின் வடிவத்தைக் குறித்துவிட்டுப் பிறகு அவற்றை மாற்றாதீர்கள். நகரும் நிழலைத் துரத்திக்கொண்டே போனால் ஒரே படத்தில் இரண்டு வேளைகள் வந்துவிடும்.

மறுமொழி – கந்தைத்துணி

தூரிகை கழுவும் கரைப்பானான டர்பன்டைனை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன். அது எளிதில் தீப்பற்றும். விமானத்திலும் அனுமதி இல்லை. தூரிகையைத் துணியால் நன்றாகத் துடைத்து, சிறிது வால்நட் எண்ணெயில் தோய்த்து மறுபடியும் துடைத்தால் அடுத்த நிறத்துக்குத் தயாராகிவிடும். முழுக் கழுவலை இறங்கி வந்தபின் சோப்பினால் செய்துகொள்ளலாம். ஓடையில் மட்டும் தூரிகையைக் கழுவாதீர்கள்: காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்த நிறமிகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகலாம்.

எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றி அவை தானாகவே தீப்பற்றக்கூடும். மேலே நண்பர் பரிந்துரைத்த ஆல்கிட் வண்ணம் பட்ட துணிக்கும் இது பொருந்தும். தங்குமிடம் சேர்ந்ததும் அவற்றை வெளியே ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுவாருங்கள்.

பாதையோரம்

அனைவருக்கும் நன்றி. வெயிலில் கலந்த நிறங்கள் அறைக்குள் மங்கித் தெரிவதற்கும் இதே காற்றுதான் காரணமா?

நீலத்தொலைவு

இல்லை, அது வெளிச்சத்தின் விளைவு. நேர்வெயிலில் பலகை மிகப் பிரகாசமாகத் தெரிவதால் நிறங்களைத் தேவைக்கு மேல் கருமையாகக் கலந்துவிடுகிறோம். படத்தையும் வண்ணத்தட்டையும் சேர்த்து நிழலில் வையுங்கள். ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் இருந்தால் கணிப்பு தவறும். நிறக்கண்ணாடியையும் வரையும் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.