குளிரில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் துள்ளுகிறது

கேள்வி:
காலையில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்பக்கம் ‘தடக் தடக்’ என்று தவ்வுகிறது. வேகம் என்று ஒன்றுமில்லை, நடக்கிற வேகம்தான். 20 இஞ்ச் வீல், சம்மர் டயர். மதியம் வெயில் ஏறினால் சத்தமே இல்லை. டிஃபரென்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) போய்விட்டதா?

பதில் 1:
மதியம் சரியாகிவிடுகிறது என்றால் டிஃபரென்ஷியலைச் சந்தேகப்பட வேண்டாம். உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுவதால் வெளிச்சக்கரத்தைவிட அதிகக் கோணத்தில் ஒடிய வேண்டும். ஸ்டியரிங்கில் ஆக்கர்மன் கணக்கு என்பது இதுதான். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் வேகமான வளைவுகளை மனதில் வைத்து இந்த வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் முழு ஒடிப்பில் டயர் ஒழுங்காக உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ரப்பர் தரையைப் பிடித்து முறுக்கி, சட்டென்று விடுகிறது. மறுபடி பிடிக்கிறது. 7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயர் விறைத்துப்போகும், 20 இஞ்ச் வீலில் டயரின் பக்கச்சுவரும் குட்டை. துள்ளாமல் என்ன செய்யும்!

பதில் 2:
ஆல் வீல் டிரைவ் என்றால் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா பாருங்கள். வெயிலிலும் துள்ளினால் வீல் அலைன்மென்ட், டயர் காற்று இரண்டையும் பாருங்கள்.

கேட்டவர்:
பின் சக்கர டிரைவ்தான். கடைசி கால் சுற்று ஒடிக்காமல் எடுத்தேன், துள்ளல் காணோம். சரி, குளிருக்கு விண்டர் டயர் மாட்டிவிடுகிறேன்.